107 பவுண் 45 பென்ஸ்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய பிஸ்கற் டின் இருக்கிறது. அதற்குள், 2012ஆம் ஆண்டு என் பிரித்தானிய அரச ஓய்வூதியம் பற்றி வந்த கடிதத்தை நான்காக மடித்து வைத்திருக்கிறேன். வாரத்துக்கு 107 பவுண் 45 பென்ஸ் என்று அதில் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டு செப்டெம்பரில் நானும் மனைவியும் தென் லண்டனில் இருந்த வீட்டைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பினோம். பதின்மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்தத் தொகையில் ஒரு பென்னிகூட ஏறவில்லை. நான் லண்டனிலேயே இருந்திருந்தால், அதே அடிப்படை ஓய்வூதியம் 2025 ஏப்ரலிலிருந்து வாரத்துக்கு 176 பவுண் 45 பென்ஸ் ஆகியிருக்கும். வித்தியாசம் சரியாக 69 பவுண். ஆண்டுக் கணக்கில் 3,588 பவுண்.

1974இல், இருபத்தேழாவது வயதில், எப்சம் நகரைச் சுற்றி அக்காலத்தில் இருந்த பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒன்றில் தாதியர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை என் சம்பளச் சீட்டில், அரச ஓய்வூதியத்துக்கான தேசிய காப்புறுதிக் கழிவு இல்லாத மாதமே கிடையாது. 2010 ஏப்ரலுக்குப் பின் ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு முழு அடிப்படை ஓய்வூதியம் பெற முப்பது ஆண்டுக் கட்டணம் போதுமாக இருந்தது. என்னிடம் அதற்கு மேலேயே இருந்தது. ஆகவே 2011 நவம்பரில் அறுபத்தைந்து வயது நிறைந்தபோது முழுத் தொகையும் கிடைத்தது. அது வாழ்நாள் முழுவதும் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் என்று நான் நம்பினேன். நம்பினேனே தவிர, எங்கும் விசாரித்துப் பார்க்கவில்லை. ஊர் திரும்பும் ஆயத்தத்தில் கப்பலில் அனுப்பும் பெட்டிகளுக்குக் கொடுத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

விதி இதுதான். ஒருவர் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் பிரித்தானிய அரச ஓய்வூதியம் அவரைத் தேடி வரும். ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரலில் வரும் உயர்வு எல்லா நாட்டுக்கும் வராது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகள், சுவிற்சர்லாந்து, அத்துடன் இதற்கென்று பிரித்தானியாவோடு சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்ட அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், துருக்கி, இஸ்ரேல், ஜமைக்கா, பார்படோஸ், மொரிசியஸ் போன்ற சில நாடுகளில் வாழ்பவர்களுக்கே அது கிடைக்கும். இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, கனடா ஆகியவற்றில் வாழ்பவர்களுக்கு, அங்கே குடியேறிய நாளில் இருந்த தொகையே கடைசிவரை. ஓய்வூதிய வயதுக்கு முன்பே இந்நாடுகளுக்குப் போய்விட்டவர்களுக்கு, முதன்முதலில் உரித்தான நாளின் தொகை நிலைத்துவிடும். இவ்வாறு உறைந்த ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளில் இருக்கிறார்கள். கனடாவோடு பிரித்தானியாவுக்கு உடன்படிக்கையே இல்லை என்பதில்லை. இருக்கிற உடன்படிக்கையில் இந்த உயர்வு சேர்க்கப்படவில்லை என்பதே குறை. என் அத்தான் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறார். அவர் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டி எல்லை தாண்டினால் அமெரிக்காவின் பஃபலோ நகரம். அங்கே குடியிருப்பவருக்கு ஒவ்வோர் ஏப்ரலிலும் உயர்வு உண்டு, அத்தானுக்கு இல்லை.

இந்த வேறுபாடு என் மனதில் மிகக் கூர்மையாகப் பதிந்தது 2023 ஏப்ரலில். எனக்கு இரண்டு ஓய்வூதியங்கள் வருகின்றன. ஒன்று அரச ஓய்வூதியம். மற்றது தேசிய சுகாதார சேவையில் வேலை செய்ததற்கான தொழில் ஓய்வூதியம். பொதுத்துறைத் தொழில் ஓய்வூதியங்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் ஏறும். அந்த ஏப்ரலில் இரண்டுக்கும் அறிவிக்கப்பட்ட உயர்வு ஒரே அளவு, 10.1 வீதம். தொழில் ஓய்வூதியம் யாழ்ப்பாணத்து முகவரிக்கே அந்த உயர்வோடு வந்தது. அரச ஓய்வூதியம் வழக்கம்போல 107.45இல் நின்றது. உழைத்தது ஒரே மருத்துவமனையில், கழித்தது ஒரே சம்பளச் சீட்டில். ஒன்றை உயர்த்தி அனுப்ப முடிகிற நாட்டுக்கு மற்றதை உயர்த்தி அனுப்ப வழியில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓய்வூதிய அலுவலகம் அனுப்பும் உயிர்வாழ் சான்றிதழில் ஆண்டுதோறும் சாட்சிக் கையொப்பம் வாங்க நான் போவது, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவரிடம். அவர் சமாதான நீதவானும்கூட. முன் விறாந்தையில் ஒரு சிறிய மேசை, ஊதா மைத்தட்டு, பெயரும் பதவியும் பொறித்த இறப்பர் முத்திரை. கையொப்பமிடுமுன் படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பார். ஒருமுறை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தம்பி, இவ்வளவு வருசம் அங்கை வேலை செய்த ஆளுக்கு ஏன் கூட்டித் தராமல் விட்டவை?” என்று கேட்டார். “நான் இஞ்சை வந்து இருக்கிறபடியால்தான், மாஸ்டர்” என்றேன். அவர் முத்திரையை மையில் தோய்த்தபடி சற்று நேரம் பேசாமல் இருந்தார். அந்த முத்திரையை எப்போதும் இரண்டு முறை அழுத்திப் பதிப்பார். மை மங்கலாக இருந்தால் படிவம் திரும்பி வந்துவிடும் என்ற பயம் அவருக்கும் இருக்கிறது.

அந்தப் பயம் வீணானதல்ல. 2017இல் எனக்கு அனுப்பிய படிவம் தபாலில் எங்கோ தவறிவிட்டது. படிவம் வராததை நான் கவனிக்கவே இல்லை. வங்கிக் கணக்கில் ஓய்வூதியம் வராமல் போனபோதுதான் விளங்கியது. தொலைபேசியில் விளக்கி, புதிய படிவம் பெற்று, ஒப்பமிட்டு அனுப்பி, நிலுவையோடு பணம் திரும்பி வர நான்கு மாதங்கள் ஆயின. அன்றிலிருந்து படிவம் வழக்கமாக வரும் மாதத்தை நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன். வராவிட்டால் நானே அழைத்துக் கேட்கிறேன். ஒப்பமிட்ட படிவத்தை நிழற்படம் எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். முகவரி மாறினால் ஓய்வூதிய அலுவலகத்துக்கு உடனே எழுத வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு விதியை 2019இல்தான் அறிந்தேன். உறைந்த ஓய்வூதியம் பெறுபவர் பிரித்தானியாவுக்கு வந்து தங்கும் நாட்களுக்கு, அப்போது நடைமுறையில் உள்ள முழுத் தொகையைக் கேட்டுப் பெறலாம். பேத்தியின் பூப்புனித நீராட்டு விழாவுக்காக ஆறு வாரம் லண்டனில் இருந்தபோது, போன திகதியையும் திரும்பும் திகதியையும் அறிவித்தேன். அந்த ஆறு வாரத்துக்கும் 129 பவுண் 20 பென்ஸ் வீதம் கணக்கிட்டுத் தந்தார்கள். கூடுதலாகக் கிடைத்தது 130 பவுண் 50 பென்ஸ். யாழ்ப்பாணம் திரும்பியதும் பழைய தொகைக்கே வந்துவிட்டது. நிரந்தரமாக வாழத் திரும்பினால் முழு உயர்வும் மீண்டும் வரும், ஆனால் இடையில் இழந்த ஆண்டுகளுக்கு நிலுவை கிடையாது. அதற்கு முன் பலமுறை போய் வந்தும் கேட்காமல் விட்டிருக்கிறேன். கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

இலங்கையில் இருப்பவர்களை ஒரு கணக்கு ஏமாற்றக்கூடும். 2022இல் ரூபாய் சரிந்து, டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்தது சில வாரங்களில் 360ஐத் தாண்டியபோது, என் 107 பவுணும் ரூபாயில் திடீரென்று பெருத்துத் தெரிந்தது. உறவினர் சிலர் வாழ்த்தவும் செய்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. என் மனைவியின் இரத்த அழுத்த மாத்திரையும், சமையல் எரிவாயு சிலிண்டரும், பால்மாப் பைக்கற்றும் அந்தப் பெருக்கத்தை விழுங்கிவிட்டன. இறக்குமதிப் பொருளை நம்பி வாழும் முதியவருக்கு, நாணயமாற்று வீதம் ஆண்டு உயர்வுக்கு ஈடாகாது.

இதை எதிர்த்து வழக்காடியவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய அனெற் கார்சன் என்ற பெண்மணி, 2000இல் தொடங்கிய 67 பவுண் 50 பென்ஸ் ஓய்வூதியம் உறைந்ததை எதிர்த்து பிரித்தானிய நீதிமன்றங்களில் போராடினார். கடைசியில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்வரை போனார். 2010 மார்ச்சில் அதன் பெருங்குழு 11க்கு 6 என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆறு நீதிபதிகள் அவர் பக்கம் நின்றார்கள் என்பதை நான் மறப்பதில்லை. ஆனால் நீதிமன்ற வழி அத்தோடு அடைபட்டுவிட்டது. எஞ்சியிருப்பது பாராளுமன்றம் மட்டுமே. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய ஆன் பக்ரிட்ஜ் அம்மையார், 2001இலிருந்து 72 பவுண் 50 பென்ஸில் உறைந்த தம் ஓய்வூதியத்துக்காக, நூறாவது பிறந்தநாளை எட்டும் நேரத்தில் 2024 டிசெம்பரில் கனடாவிலிருந்து லண்டனுக்குப் பயணம் செய்ததும், அரசியல்வாதிகளைத்தான் அசைக்க வேண்டும் என்பதை உணர்ந்துதான்.

வாக்குரிமை இங்கேதான் ஓய்வூதியத்தோடு பிணைகிறது.

வெளிநாட்டில் வாழும் பிரித்தானியக் குடிமக்களுக்குப் பொதுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. முதலில் நாட்டை விட்டுப் போய் ஐந்து ஆண்டுவரை. பின்னர் இருபது ஆண்டு. பின்னர் பதினைந்து ஆண்டு என்று அந்த எல்லை மாறிக்கொண்டே இருந்தது. இத்தாலியில் வாழ்ந்த போர்வீரர் ஹரி ஷிண்ட்லர் இந்தப் பதினைந்து ஆண்டு எல்லையை எதிர்த்துப் பல ஆண்டு போராடி, 2013இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் தோற்றும் விடவில்லை. 2022ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் அந்த எல்லையை நீக்கியது. அது 2024 ஜனவரி 16இல் நடைமுறைக்கு வந்தது. ஷிண்ட்லர் அதற்கு முந்தைய ஆண்டிலேயே 101 வயதில் காலமாகிவிட்டார். என் அத்தான் 2000இல் கனடா போனவர். 2016 யூனில் ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய பொது வாக்கெடுப்பில் வாக்களிக்க முடியாமல் வானொலி கேட்டுக்கொண்டு இருந்தவர். 2024இல் மீண்டும் பதிவு கிடைத்தபோது, இந்த வயதில் தன்னை ஓர் ஆளாக மதித்திருக்கிறார்கள் என்று தொலைபேசியில் சொன்னார்.

என் நிலை வேறு. 2012இல் புறப்பட்ட எனக்கு உரிமை பறிபோகவே இல்லை. 2015, 2016, 2017, 2019 ஆகிய நான்கு வாக்கெடுப்புகளிலும் நான் வாக்களிக்காததற்கு, பதிவு செய்யாமல் இருந்ததே காரணம். வெளிநாட்டில் இருந்தும் வாக்களிக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. அத்தானின் உற்சாகத்தைப் பார்த்துத்தான் 2024 மார்ச்சில் இணையத்தில் பதிவு செய்தேன். பிறந்த திகதி, தேசிய காப்புறுதி இலக்கம், பிரித்தானியாவில் கடைசியாக வாக்காளர் இடாப்பில் இருந்த முகவரி ஆகியவற்றைக் கேட்டார்கள். அந்த முகவரி இருக்கும் தொகுதியிலேயே வாக்கு. பாராளுமன்றத் தேர்தலுக்கு இந்த உரிமை உண்டு; உள்ளூராட்சித் தேர்தலுக்கு இல்லை. பதிவு முன்பு ஓராண்டுக்கே செல்லுபடியானது. இப்போது மூன்று ஆண்டுவரை நீடித்து ஒரு நவம்பர் 1ஆம் திகதியோடு முடிகிறது, அதற்கு முன் புதுப்பிக்க வேண்டும்.

பதிவு செய்தாலும் வாக்கு போய்ச் சேரவில்லை. தபால் மூல வாக்குக்கு விண்ணப்பித்திருந்தேன். மே 22இல் தேர்தலை அறிவித்து, யூலை 4இல் நடத்தினார்கள். வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகுதான் வாக்குச்சீட்டு அச்சாகும். அதன்பின் எஞ்சுவது மூன்று வாரம் சொச்சம். யூலை 9ஆம் திகதி காலை தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. கையில் தந்தது அந்த உறை. உள்ளே வாக்குச்சீட்டும், அதை இடும் சிறிய உறையும், பிறந்த திகதியும் கையொப்பமும் இட வேண்டிய தாளும், திருப்பி அனுப்பும் பெரிய உறையும் ஒழுங்காக இருந்தன. வாக்களிப்பு முடிந்து ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. வேட்பாளர் பெயர்களை மேலிருந்து கீழாக வாசித்துவிட்டு, எதிலும் அடையாளமிடாமல் அப்படியே மூடி வைத்தேன்.

ஆகவே தெற்காசியாவில் இருப்பவர்கள் தபால் வாக்கை நம்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பதிலாள் வாக்குக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் பழைய தொகுதியில் அல்லது அதற்கு எட்டிய தூரத்தில் இருக்கும், வாக்குரிமையுள்ள, நீங்கள் முழுமையாக நம்பும் ஒருவரை நியமித்தால் அவர் உங்களுக்காக வாக்குச்சாவடிக்குப் போவார். அவர் தம்முடைய புகைப்பட அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ஒருவர் அதிகபட்சம் நால்வருக்குப் பதிலாளாக இருக்கலாம். அவர்களில் பிரித்தானியாவுக்குள் வாழ்பவர்கள் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. தேர்தல் அறிவிக்கும்வரை காத்திராமல் இப்போதே செய்துவிடலாம். என் மகளை நான் நியமித்துவிட்டேன். யாருக்குப் போட வேண்டும் என்பதை எழுதி அனுப்புவேன் என்றும், அவளுக்கு உடன்பாடில்லாத பெயரானாலும் அப்படியே போட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். சம்மதித்தாள்.

ஒரு நண்பரின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. முப்பது ஆண்டு லண்டனில் வேலை செய்தவர். நிரந்தர வதிவிட அனுமதியோடு இலங்கைக் கடவுச்சீட்டையே வைத்திருந்தார். பொதுநலவாய நாட்டுக் குடிமகன் என்பதால் அங்கே வாழ்ந்த காலமெல்லாம் பொதுத் தேர்தலில் வாக்களித்தார். பிரித்தானியக் குடியுரிமை தேவையில்லை என்று நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். வவுனியா திரும்பிய பிறகு அந்த வாக்கு இல்லாமல் போனது. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கப் பிரித்தானியக் குடிமகனாகவோ, தகுதியுள்ள அயர்லாந்துக் குடிமகனாகவோ இருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு ஆண்டு வெளியே இருந்ததால் வதிவிட அனுமதியும் காலாவதியானது. ஓய்வூதியம் மட்டும் அவர் செலுத்திய கட்டணத்துக்காக, உறைந்தபடி, வருகிறது. வாழத் திரும்பி அதை உயர்த்திக்கொள்ளும் வழி எனக்குத் திறந்திருக்கிறது, அவருக்கு மீண்டும் விசாவில் தொடங்க வேண்டும். லண்டனில் ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இருந்துகொண்டு ஊர் திரும்ப எண்ணும் எவரும், குடியுரிமையை எடுத்துவிட்டுப் புறப்படுவதா என்ற கேள்வியை வீடு விற்பதற்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

2016 ஏப்ரலுக்குப் பின் ஓய்வூதிய வயதை அடைந்தவர்களுக்குக் கணக்கு வேறு. முழுத் தொகைக்கு பொதுவாக 35 ஆண்டும், எதுவேனும் பெறக் குறைந்தது பத்து ஆண்டும் கட்டணம் வேண்டும். அவர்களின் முழுத் தொகை 2025 ஏப்ரலில் 230 பவுண் 25 பென்ஸ். தொடக்கம் உயரமாக இருப்பதால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். உறைவு அவர்களுக்கும் அதேதான். புறப்படுமுன் இன்றைய தொகையை எழுதி, இருபது ஆண்டு அது நகராமல் நின்றால் வீட்டுச் செலவு நடக்குமா என்று பாருங்கள். நடக்காது என்றால் சேமிப்பையோ தொழில் ஓய்வூதியத்தையோ அந்த இடைவெளிக்கென்று ஒதுக்கிவிட்டுப் புறப்படுங்கள்.

வாக்காளராகப் பதிவு செய்ததில் வேறொரு பயனை எதிர்பாராமல் கண்டேன். பாராளுமன்ற உறுப்பினர்கள் தம் தொகுதியினரின் விடயங்களையே எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். 2024க்கு முன் நான் எழுதியிருந்தால், யாருடைய தொகுதியினர் நீங்கள் என்ற கேள்வியிலேயே நின்றிருக்கும். இப்போது என் பெயர் அந்தத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கு வெளிநாட்டில் வாழும் குடிமக்களைப் பிரதிநிதித்துவப்படுத்தவென்றே பதினொரு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எங்கள் வாக்குகளோ 650 தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலான தொகுதிகளில் நாங்கள் தேர்தல் முடிவை மாற்றும் எண்ணிக்கையில் இல்லை. அதனால்தான் கடிதம் முக்கியமாகிறது.

2025 பெப்ரவரியில் முதல் கடிதத்தை எழுதினேன். பழைய முகவரி, வெளிநாட்டு வாக்காளராகப் பதிவு செய்த விவரம், ஓய்வூதியம் தொடங்கிய தொகை, இன்றைய தொகை ஆகியவற்றை முதல் பத்தியிலேயே வைத்தேன். இலங்கையில் உறைந்திருப்பவர்களுக்குக் கடந்தகால நிலுவை தராவிட்டாலும், இனி வரும் உயர்வுகளையாவது தருவதற்கு அவர் ஆதரவளிப்பாரா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இதை நீண்டகாலக் கொள்கை என்று விளக்கும் அமைச்சின் பதிலை இணைத்து, மரியாதையான கடிதம் ஒன்று வந்தது. என் கேள்விக்கு அதில் ஆம் என்றோ இல்லை என்றோ இல்லை. அடுத்த கடிதத்தை ஜனவரியிலேயே அனுப்பப் போகிறேன். ஏப்ரல் உயர்வுக்கான ஒழுங்குவிதிகள் அதற்கு முந்திய வாரங்களில்தான் பாராளுமன்றத்துக்கு வருகின்றன. இம்முறை அத்தானும் ஸ்காபரோவிலிருந்து தம் பழைய தொகுதிக்கு எழுதுகிறார். அதே கேள்வியை அவர் தம் கையெழுத்தில் எழுதி முடித்துவிட்டார். தபாலில் சேர்க்கும் நாளை மட்டும் என்னிடம் கேட்டிருக்கிறார்.